வாங்க மாட்டோம் என்றால் நட்டம் யாருக்கு?

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு நிறுவனம் அரசியல் பேசினால், பிடிக்காதவர்கள் அதன் பொருளை வாங்க மாட்டோம் என்று கிளம்புகிறார்கள். நம் காவிரிப் படுகைக்கு இது புதிதல்ல. 1930இல் உப்புச் சத்தியாகிரகத்துக்காக ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்து வந்தபோது, தொண்டர்களுக்குச் சோறு போட்டாலே தண்டனை என்று தஞ்சை கலெக்டர் தார்ன் உத்தரவிட்டார். அந்தச் சமயம் வேதாரண்யத்தில் வைரப்பன் என்ற முடிதிருத்தும் தொழிலாளி, முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதிச் சவரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். சிறைக்கும் போனார். மறுத்தவரே நட்டத்தையும் தாங்கினார்.

நான் எந்தப் புறக்கணிப்பையும் இதை வைத்துத்தான் எடைபோடுகிறேன்.

2016இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12 அன்று திறக்கவில்லை, பருவமழையும் பொய்த்து சம்பா கருகியது. அடுத்த ஜனவரியில் ஜல்லிக்கட்டுப் போராட்டம். அந்தச் சூட்டில் வணிகர் சங்கங்கள் 2017 மார்ச் 1 முதல் பெப்சி, கோக் விற்பதில்லை என்று அறிவித்தன. தாமிரபரணித் தண்ணீரை உறிஞ்சுகிறார்கள் என்பது கோபம். கும்பகோணத்தில் சில பெட்டிக்கடைகளில், கோக் கம்பெனி கொடுத்த சிவப்பு ஃபிரிட்ஜிலேயே நம்மூர் குளிர்பானமான பவண்டோவை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். கோடை வியாபாரம் தொடங்கும் நேரத்தில், அதிகம் ஓடும் சரக்கை வேண்டாம் என்று ஒதுக்குவது சின்னக் கடைக்காரருக்குச் சாதாரண விஷயமில்லை. அவர்களை நான் மனதார மதிக்கிறேன்.

2021இல் நடந்தது வேறு. சொமேட்டோவில் ஒரு சேவை ஊழியர், இந்தி தேசிய மொழி, கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும் என்று தமிழ்நாட்டு வாடிக்கையாளரிடம் சொன்னார். தமிழர்கள் கொதித்ததில் தவறே இல்லை. நிறுவனம் தமிழிலும் மன்னிப்புக் கேட்டது, ஊழியரை வேலையைவிட்டு எடுத்தது. அப்புறம் அன்றைக்கே திரும்பச் சேர்த்துக்கொண்டது. தமிழ் பேசும் ஆளில்லாமல் இங்கே தொழில் நடத்தியது நிர்வாகம். முதலில் தலை உருண்டதோ சாட்டில் பதில் சொன்னவருக்கு.

2020இல் நகை நிறுவனமான தனிஷ்க், இந்து மருமகளுக்கு முஸ்லிம் குடும்பம் வளைகாப்பு நடத்தும் விளம்பரத்தை எதிர்ப்பு வந்ததும் விலக்கிக்கொண்டது. கடை ஊழியர்களின் நலன் கருதி என்றது. நல்ல விளம்பரம் அது, எனக்கு வருத்தம்தான். ஆனாலும் மிரட்டல் வந்தால் முதலில் மாட்டுவது கல்லாவில் நிற்பவர் என்பது உண்மைதானே?

அமெரிக்காவில் 2018இல் நைக், இனவெறிக்கு எதிராக, தேசிய கீதத்தின்போது மண்டியிட்ட அமெரிக்கக் கால்பந்து வீரர் கேப்பர்நிக்கை விளம்பரத்தில் போட்டது. ஷூவைக் கொளுத்தினார்கள், நைக் அசையவில்லை, விற்பனையும் விழவில்லை. 2023இல் பட் லைட் பீர், திருநங்கை ஒருவரோடு சேர்ந்து விளம்பரம் செய்தது. எதிர்ப்பு வந்ததும் அவருக்காக உறுதியாக நிற்காமல் மழுப்பியது. எதிர்த்தவர்களும் திரும்பவில்லை, ஆதரித்தவர்களும் முகம் சுளித்தார்கள். நாட்டிலேயே அதிகம் விற்ற பீர் என்ற இடம் போயிற்று.

உங்களுக்கு ஒரு நிறுவனத்தின் மேல் கோபமா? சரி, வாங்காதீர்கள். அது உங்கள் உரிமை. ஆனால் சாப்பாடு கொண்டுவரும் பையனிடம் அந்தக் கோபத்தைக் காட்டாதீர்கள். பொட்டலத்தின் பின்பக்கத்தில் நிறுவனத்தின் முகவரி அச்சிட்டிருக்கும். ஏன் நிறுத்துகிறீர்கள், என்ன செய்தால் மறுபடி வாங்குவீர்கள் என்று தமிழிலேயே எழுதிப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.