ஆறு குடைராட்டினங்கள், ஒரு நாள் பயணம்

நேயர்களுக்கு வணக்கம். குடைராட்டினம் என்கிறோமே, அந்தப் பெயரிலேயே அதன் பொறியமைப்பு இருக்கிறது. நடுக்கம்பத்தின் உச்சியிலிருந்து உத்திரங்கள் குடைக்கம்பிகளைப் போல விரிகின்றன. குதிரைகள் மட்டுமல்ல, நாம் ஏறி நிற்கும் மேடையும் அந்தக் கம்பிகளில்தான் தொங்குகிறது. அதனால்தான் ஆட்கள் எல்லாரும் ஒரே பக்கம் உட்கார்ந்தால் மேடை சாயும். பரவலாக உட்காரச் சொல்கிற ஆபரேட்டரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்.

பழைய மரக்குதிரைகளை அவை வைக்கப்பட்ட ஊரிலேயே பார்க்க, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள பிங்காம்டன் பக்கம் போகலாம். ஜார்ஜ் எஃப். ஜான்சன் என்ற காலணி ஆலை அதிபர் 1919க்கும் 1934க்கும் இடையில் இந்த வட்டாரத்துக்குக் கொடுத்த ராட்டினங்களில் ஆறு இன்றும் சுற்றுகின்றன. எல்லாம் ஆலன் ஹெர்ஷெல் கம்பெனி செய்தவை. கட்டணம் வாங்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்ததால் இன்றும் இலவசம். டிக்கெட்டுக்குப் பதிலாக, பூங்காவில் கிடக்கும் ஒரு குப்பையைப் பொறுக்கிக் கொடுக்கச் சொல்லும் வேடிக்கையான வழக்கமும் உண்டு.

கிழக்கிலிருந்து மேற்கே போனால் பெட்ரோல் மிச்சம். பிங்காம்டனில் ராஸ் பூங்கா, ரெக்ரியேஷன் பூங்கா. பிறகு 17சி சாலையை ஒட்டியே ஜான்சன் சிட்டி, எண்ட்வெல், எண்டிகாட், மேற்கு எண்டிகாட். பிங்காம்டனில் உள்ள இரண்டிலும் 60 குதிரைகள் வீதம். ஜான்சன் சிட்டியில் உள்ளது 1923இல் வந்தது. 72 உருவங்கள், பக்கத்தில் பக்கமாக நான்கு நான்காக. நேரம் குறைவென்றால் இதை மட்டும் விடாதீர்கள். மே மாதக் கடைசித் திங்களுக்கும் செப்டம்பர் முதல் திங்களுக்கும் இடைப்பட்டதுதான் சீசன். ஆறின் நேரமும் ஒன்றல்ல என்பதால் முதல் நாளே விசாரித்துவிடுங்கள்.

ஏறியதும் குதிரையைப் பார்க்காமல் தலைக்கு மேலே பாருங்கள். நடுவிலிருந்து வெளிவிளிம்பு வரை பக்கத்தில் பக்கமாக நிற்கும் ஒவ்வொரு குதிரை வரிசைக்கும் மேலே வளைத்து வளைத்துச் செய்த ஒரு கிராங்க் தண்டு இருக்கும். அதன் உள்முனையிலுள்ள சிறிய பல்சக்கரம், நடுவில் அசையாமல் நிற்கும் பெரிய பல்சக்கரத்தின் மீது உருண்டு போகிறது. ராட்டினம் சுற்றுவதால்தான் தண்டு சுழல்கிறது. குதிரை துள்ளுவதற்கென்று தனி மோட்டார் கிடையாது. தண்டின் வளைவுகள் வெவ்வேறு கோணத்தில் இருப்பதால் ஒரு குதிரை ஏறும்போது பக்கத்துக் குதிரை இறங்கும். பளுவும் சமமாகும்.

பழுதையும் இதை வைத்தே கண்டுபிடிக்கலாம். ஒரு வரிசை மட்டும் உதறினால், அந்த வரிசையின் சிறிய சக்கரத்திலோ பேரிங்கிலோ கோளாறு. எல்லாக் குதிரைகளும் சுற்றில் குறிப்பிட்ட ஒரே இடத்துக்கு வரும்போது உதறினால், அசையாத பெரிய சக்கரத்தில் அந்த இடத்துப் பல் தேய்ந்திருக்கும். கீச்சென்ற சத்தம் பெரும்பாலும் கிரீஸ் காய்ந்ததன் அடையாளம். புறப்படும்போது ஆபரேட்டர் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார். சட்டென்று பிடித்தால் பெல்ட் வழுக்கும், இல்லாவிட்டால் அந்த அதிர்ச்சி முழுவதும் பற்கள் மேல் விழும்.

குதிரை ஒரே கட்டையில் குடைந்ததல்ல. பாஸ்வுட் என்ற மென்மையான மரத்தின் பலகைகளைப் பசை போட்டு ஒட்டி, நடுவில் வெற்றிடமாக ஒரு பெட்டியைச் செய்து அதில் தலையையும் கால்களையும் சேர்ப்பார்கள். ஈரத்தில் ஊதியும் வெயிலில் சுருங்கியும் முதலில் வாய் பிளப்பது கால் இணைப்புகள்தான். அமெரிக்க ராட்டினம் இடஞ்சுழி. குதிரையின் வலப்பக்கம் வெளியே தெரியும், அங்கேதான் செதுக்கல் அதிகம். இங்கிலாந்தில் சுற்றும் திசை மாறுவதால் அலங்காரமும் இடப்பக்கம் போய்விடும். ஹெர்ஷெல் குதிரைகள் எளிமையானவை; நிஜக் குதிரையைப் போலச் செதுக்கும் ஃபிலடெல்ஃபியா பாணியின் நரம்பும் தசையும் இவற்றில் கிடையாது. ஊர் ஊராகக் கழற்றி மாட்டிய திருவிழா ராட்டினங்களின் மரபு இது. எனக்கு இதுவே பிடிக்கும்.

இன்னொரு நாள் கையில் இருந்தால், சுமார் 350 கிலோமீட்டர் ஓட்டி நார்த் டோனவாண்டா போய்விடுங்கள். ஹெர்ஷெலின் 1915ஆம் ஆண்டுத் தொழிற்சாலையே இப்போது அருங்காட்சியகம். 1916இல் செய்த ராட்டினம் அங்கே சுற்றுகிறது. ராட்டினத்தில் தானாகவே பாடும் வுர்லிட்சர் இசைப்பெட்டிக்கான காகிதச் சுருளில் துளையிட்ட இயந்திரங்களும் இருக்கின்றன. அந்தச் சுருளின் ஒவ்வொரு துளையும் ஒரு குழலையோ முரசையோ இயக்கும். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் அகலும், துளைகள் இடம் தப்பும், பாட்டில் அபசுரம் தட்டும். மழை நாளில் அப்படிக் கேட்டால் பெட்டி கெட்டுவிட்டதென்று நினைக்க வேண்டாம். வெயில் வந்த பிறகு இன்னொரு தடவை கேட்டுப் பாருங்கள்.