வீட்டு இணையத்தில் நிற்கும் வரிசை

நேயர்களுக்கு என் வணக்கம். கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் வீடுகளுக்கு இணைய இணைப்பு பொருத்துவதையும் பழுது பார்ப்பதையும் தொழிலாகக் கொண்டவன் நான். போகிற வீடுகளில் எல்லாம் என்னிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி உண்டு. "அண்ணே, 100 மெகாபிட் திட்டத்தை 300 ஆக்கினோம், மாதக் கட்டணமும் ஏறிவிட்டது, ஆனாலும் இரவு ஒன்பது மணிக்குப் பையன் விளையாட உட்கார்ந்தால் லேக், லேக் என்று கத்துகிறானே, அது ஏன்?" இந்தக் கேள்வியைத்தான் இன்றைய உரைக்குப் பொருளாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

வேகம் வேறு, தாமதம் வேறு; பையன் லேக் என்று கத்துவது தாமதத்தைத்தான். இன்றைய உரையில் இதை நான் பல முறை சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் கட்டணம் செலுத்தி வாங்கும் மெகாபிட் கணக்கு, ஒரு வினாடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பதைச் சொல்கிறது. விளையாடும் பிள்ளை பிங் என்று சொல்லும் எண்ணோ, ஒரு சிறு தரவுப் பொட்டலம் நம் வீட்டிலிருந்து விளையாட்டை நடத்தும் கணினியான சர்வருக்குச் சென்று பதிலோடு திரும்ப எத்தனை மில்லி வினாடி ஆகிறது என்பதைக் காட்டுகிறது. திரைப்படம் பார்ப்பதற்கு வினாடிக்குப் பல மெகாபிட் வேண்டும். ஆனால் ஓர் இணைய விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது பெரும்பாலும் சில நூறு கிலோபிட்டுகளே போதும். அவ்வளவு குறைவாகக் கேட்பவனுக்குத்தான் வீட்டில் இடம் கிடைப்பதில்லை.

தூரத்தால் வரும் தாமதத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்கிறது; அதாவது 200 கிலோமீட்டருக்கு 1 மில்லி வினாடி. நம் வட்டாரத்துக்கான விளையாட்டு சர்வர்கள் பல சிங்கப்பூரில் இருக்கின்றன. கோலாலம்பூரிலிருந்து அங்கே சென்று திரும்ப ஒளிக்கு 3, 4 மில்லி வினாடி போதும். கேபிளின் சுற்றுவழியையும் இடையில் உள்ள கருவிகளையும் சேர்த்துக்கொண்டாலும் 10, 15 மில்லி வினாடியில் முடிந்துவிடும். தோக்கியோ சர்வரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால், சுமார் 5,300 கிலோமீட்டர் போய்வருவதற்கே 50 மில்லி வினாடிக்கு மேல் ஆகும், அதை எந்தக் கருவியாலும் குறைக்க முடியாது. எனவே விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் எந்த வட்டாரம் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறது என்பதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். அது சரியாக இருந்தும் 15ஆக இருந்த பிங் திடீரென்று 300, 400 என்று ஏறினால், காரணத்தைப் பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே தேடலாம்.

வீட்டுக்குள் என்ன நடக்கிறது? தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போய்வந்த குடும்பம் ஒன்றை எண்ணிக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, அக்கா என்று ஆளுக்கொரு கைப்பேசி, ஒவ்வொன்றிலும் காவடியும் படிக்கட்டுமாக நூற்றுக்கணக்கான படங்கள், நீண்ட காணொளிகள். வீட்டு வை-ஃபை கிடைத்ததும் அந்தக் கைப்பேசிகள் யாரையும் கேட்காமல் எல்லாவற்றையும் இணையக் கிடங்கில் ஏற்றத் தொடங்கிவிடும். பல திட்டங்களில் பதிவேற்றத்தின் அளவு பதிவிறக்கத்தைவிடக் குறைவு என்பதால் அந்தப் பாதை சீக்கிரம் நிறைந்துவிடுகிறது. உடனே அனுப்ப முடியாத தரவை, வீட்டுக் கருவிகளுக்கு இணையத்தைப் பகிரும் ரூட்டரும் வெளியிணைப்போடு பேசும் மோடமும் தங்கள் நினைவகத்தில் வரிசையாக நிறுத்திவைக்கின்றன. பதிவேற்றம் 10 மெகாபிட், வரிசையில் நிற்பது 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட், என்று கொண்டால், அது கரைய 0.8 வினாடி ஆகும். தம்பி பொத்தானை அழுத்தியதும் புறப்பட்ட சிறு பொட்டலம் அந்த வரிசையின் கடைசியில் போய் நின்று, 800 மில்லி வினாடி காத்திருந்துவிட்டுத்தான் வீட்டு வாசலையே தாண்டுகிறது. அதற்குள் ஆட்டத்தில் அவன் கதை முடிந்திருக்கும்.

பதிவேற்றத்தை 50 மெகாபிட்டாக உயர்த்தினால் அதே வரிசை 160 மில்லி வினாடியில் கரையும் என்பது உண்மைதான், ஆகவே கூடுதல் கட்டணம் முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன். ஆனால் வரிசை நீங்கவில்லை, குறுகியது, அவ்வளவுதான். கருவியின் நினைவகம் பெரிதாக இருந்தால் அந்த அளவுக்குக்கூடக் குறுகாது.

இந்த வரிசையின் வரலாறு எனக்கு மிகவும் பிடித்தமானது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். 1986 அக்டோபரில், கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே, வெறும் 400 கஜத் தொலைவில், வினாடிக்கு 32,000 பிட் சென்றுகொண்டிருந்த இணைப்பு 40 பிட்டாகச் சரிந்தது. நடந்து போய்க் கையில் கொடுத்துவிட்டு வருவதே மேல் என்னும் நிலை. கம்பி அறுபடவில்லை, கருவி பழுதாகவில்லை. நெரிசலில் தொலைந்த பொட்டலங்களை எல்லாக் கணினிகளும் மீண்டும் மீண்டும் அனுப்பி நெரிசலை மேலும் பெருக்கியதே காரணம். அதை ஆராய்ந்த வான் ஜேக்கப்சன், 1988இல் வெளியிட்ட கட்டுரையில் ஒரு வழி சொன்னார்: பொட்டலம் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாக எடுத்துக்கொண்டு அனுப்புகிறவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும், நெரிசல் தணிந்த பின் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். இணையம் இன்றுவரை படுத்துவிடாமல் இயங்குவதில் அந்த நாகரிகத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆனால் நினைவகச் சில்லுகள் மலிந்தன. ஒரு பொட்டலம்கூடத் தொலையக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், கருவி செய்பவர்கள் மேலும் மேலும் பெரிய தற்காலிக நினைவகத்தை உள்ளே வைத்தார்கள். பொட்டலம் தொலைவதில்லை, ஆகவே நெரிசல் இருக்கிறது என்ற செய்தி அனுப்புகிறவருக்கு உரிய நேரத்தில் எட்டுவதில்லை; அவரும் நிறுத்தாமல் அனுப்பிக்கொண்டே இருக்கிறார், வரிசையும் நீள்கிறது. 2010ஆம் ஆண்டுவாக்கில் ஜிம் கெட்டிஸ் என்னும் பொறியாளர், தம் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பும்போதெல்லாம் இணைப்பு ஏன் இப்படித் தவிக்கிறது என்று துருவிப் பார்த்து, இந்தக் கோளாறுக்குப் பஃபர்புளோட், அதாவது தற்காலிக நினைவகத்தின் வீக்கம், என்று பெயரிட்டார். உலகளாவிய வலையின் எச்.டி.டி.பி. விதிமுறையை வகுத்தவர்களில் ஒருவருடைய வீட்டிலேயே அந்த நிலை என்றால், நம் வீட்டுப் பையன் கத்துவதில் என்ன வியப்பு!

2012இல் கேத்லீன் நிக்கோல்ஸ் அம்மையாரும் அதே வான் ஜேக்கப்சனும் கோடெல் என்னும் முறையைக் கொண்டுவந்தார்கள். வரிசை எவ்வளவு நீளம் என்று அது பார்ப்பதில்லை, ஒவ்வொரு பொட்டலமும் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லி வினாடிக்கு மேலேயே தொடர்ந்து நின்றால் சில பொட்டலங்களைக் கைவிட்டு அனுப்புகிறவரை எச்சரிக்கிறது. அதோடு நியாயமான வரிசைமுறையையும் சேர்த்ததுதான் எஃப்.கியூ.கோடெல். கடையில் ஒருவர் ஐம்பது ரொட்டி சானாய் பொட்டலம் கட்டச் சொல்லிக் காத்திருக்கிறார், அவருக்குப் பின்னால் ஒரே ஒரு தே தாரேக் கேட்டு ஒருவர் நிற்கிறார் என்றால், தெரிந்த கடைக்காரர் இடையிலேயே தேநீரை ஆற்றிக் கொடுத்து அனுப்பிவிடுவார் அல்லவா? ரொட்டிக்காரருக்கும் அதனால் பெரிய இழப்பில்லை. அந்தத் தேநீர்க்காரர்தான் நம் விளையாட்டுப் பொட்டலம்.

இதை வீட்டில் செய்வதற்கு, ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வரிசையை ஒழுங்குபடுத்துவதற்கென்று எஸ்.கியூ.எம். என்றோ கியூ.ஓ.எஸ். என்றோ ஒரு பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ரூட்டரிலும் இருக்காது, கியூ.ஓ.எஸ். என்று எழுதியிருப்பதெல்லாம் நான் சொன்ன முறையில் இயங்குவதும் இல்லை. ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் இலவச மென்பொருளை ஏற்கும் ரூட்டர்களில் அது கிடைக்கும். அங்கே உங்கள் இணைப்பின் உண்மையான அளவில் ஏறத்தாழ 90 விழுக்காட்டைக் குறிப்பிட வேண்டும். 'கட்டிய பணத்தில் பத்தில் ஒரு பங்கை நானே ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?' என்று கேட்பீர்கள். முழு அளவையும் கொடுத்தால் வரிசை மோடமில் போய் நிற்கும், அங்கே நமக்கு அதிகாரம் இல்லை. சற்றுக் குறைத்துக் கொடுத்தால் வரிசை நம் ரூட்டரிலேயே நிற்கும், அதை நாம் ஒழுங்குபடுத்தலாம். மீண்டும் சொல்கிறேன், வேகம் வேறு, தாமதம் வேறு; முன்னதில் கொஞ்சம் கொடுத்துப் பின்னதை வாங்குகிறோம்.

அத்தகைய ரூட்டர் இல்லாத வீடுகளில், கைப்பேசியின் படச் சேமிப்பையும் விளையாட்டுகளின் தானியங்கிப் புதுப்பிப்பையும் நள்ளிரவுக்குப் பிறகு ஓடவிடுங்கள். பல கிகாபைட் அளவுள்ள புதுப்பிப்பு ஒன்று இரவு ஒன்பது மணிக்கே இறங்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நேரம் நெருங்கிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார்கள். வை-ஃபைக்காகத் தனியே ஐந்து நிமிடம் வைத்திருந்தேன், அதை இரண்டு மூன்று வாக்கியங்களில் முடித்துக்கொள்கிறேன். அடுக்குமாடி வீடுகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அண்டை வீடுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று பேசிக்கொண்டிருக்கும், நுண்ணலை அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. ஆகவே விளையாடும் கருவியை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள், ரூட்டரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைக்காதீர்கள். முடிந்தால் ரூட்டரிலிருந்து பையனின் கணினிக்கு ஒரு லேன் கம்பியை இழுத்துவிடுங்கள், சில பத்து ரிங்கிட்தான் செலவாகும். கம்பியில் நன்றாக ஓடி வை-ஃபையில் மட்டும் தடுமாறினால் கோளாறு எங்கே என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பிங்கைக் குறைக்கிறோம் என்று மாதக் கட்டணம் கேட்கும் செயலிகளோ வீட்டுக்கு வெளியே உள்ள பாதையைத்தான் மாற்றுகின்றன. அவற்றின் பொட்டலமும் முதலில் நம் வீட்டு வரிசையில் நின்றுதான் வெளியேற வேண்டும் என்பதால், வாங்கும் முன் யோசியுங்கள். நன்றி, வணக்கம்.