இழுக்க இழுக்க இறுகும் கருவி

வணக்கம் நேயர்களே. பாறை ஏறுகிறவர்கள் இடுப்பில் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருப்பார்களே, கேம் என்று ஒரு கருவி, அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். வானொலியில் படம் காட்ட முடியாது, அதனால் நீங்களே மனதில் வரைந்துகொள்ளுங்கள். ஒரு தண்டு, அதன் தலையில் குறுக்காக ஓர் அச்சு, அச்சில் நான்கு அலுமினியத் துண்டுகள் (இந்தத் துண்டுகளையும் கேம் என்றே சொல்வார்கள்), எல்லாமே ஸ்பிரிங்கால் வெளிப்பக்கம் விரிந்து நிற்கின்றன. தண்டில் இருக்கும் விசையை விரலால் இழுத்தால் நான்கும் சுருங்கும். அப்படியே பாறை இடுக்குக்குள் நுழைத்து விரலை எடுத்தால் விரிந்து இருபக்கச் சுவரையும் பிடித்துக்கொள்ளும். கயிற்றை மாட்டிவிட்டு மேலே போக வேண்டியதுதான், விழுந்தால் அது தாங்கும்.

இது வருவதற்கு முன் சுத்தியலும் ஆணியும்தான். கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியில் ஒருவர் அடித்த ஆணியை அடுத்தவர் பிடுங்கி, இன்னொருவர் அதே இடத்தில் திரும்ப அடித்து, கடைசியில் விரிசல் நெடுகக் குழிகளாகிவிட்டன. பிரிட்டனில் சிலர் சாதாரண இயந்திர நட்டில் கயிறு கோத்து இடுக்கில் செருகிப் பார்த்தார்கள், வேலை செய்தது. 1972இல் இவான் ஷூய்னார்ட், ஆணி விற்றே பிழைத்தவர், தன் விற்பனைப் பட்டியலிலேயே ஆணியை விட்டுவிட்டு நட்டுக்கு மாறுங்கள் என்று எழுதினார். அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

ஆனால் நட்டு நிற்க வேண்டுமென்றால் இடுக்கு கீழே போகப் போகக் குறுக வேண்டும். இரண்டு சுவரும் இணைகோடாக ஓடினால்? யூட்டாவின் இந்தியன் க்ரீக்கில் சூப்பர்கிராக் என்று அப்படி ஒரு விரிசல் இருக்கிறது. 1976இல் ஏர்ல் விக்கின்ஸ் கேம் எதுவும் இல்லாமல், அறுகோண நட்டுகளை நம்பி, அதில் முன்னால் ஏறினார். இன்றைக்கு அங்கே போகிறவர்கள் ஒரே அளவு கேமை வரிசையாக மாட்டிக்கொண்டு போகிறார்கள், அதிலேயே தெரிந்துவிடும் அது எவ்வளவு பெரிய காரியம் என்று.

சரி, கேம் எப்படிப் பிடிக்கிறது? அதன் விளிம்பு வட்டம் இல்லை, மடக்கைச் சுருள். வட்டத்தை மையம் தள்ளி மாட்டினால் கொஞ்சம் விரிந்தபோது சுவரைத் தொடும் கோணம் ஒன்று, நிறைய விரிந்தபோது வேறொன்று, ஓரிடத்தில் பிடிக்கும், இன்னோரிடத்தில் வழுக்கும். மடக்கைச் சுருளில் எவ்வளவு விரிந்தாலும் கோணம் மாறாது. பின்னால் சொல்லப்போகும் ஃப்ரெண்ட் என்ற கேமில் அது 13.75 பாகை. கணக்குப் போட்டால், கயிறு கீழே இழுக்கும் விசையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு ஒவ்வொரு சுவரையும் அழுத்தும். 500 கிலோ இழுத்தால் இந்தப் பக்கம் ஆயிரம், அந்தப் பக்கம் ஆயிரம். கோணத்தைக் கூட்டினால் ஒரே கேம் அகலமான இடுக்குக்கும் ஆகும், ஆனால் பாறையில் உராய்வு அதிகம் வேண்டும். குறைத்தால் பிடி உறுதி, அகலம் போச்சு. கேம் செய்கிறவர்களின் சண்டை எல்லாம் இந்த ஒரு எண்ணைச் சுற்றித்தான்.

இந்த வளைவை முதலில் பாறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கர் இல்லை. சோவியத் மலையேறி விட்டாலி அபலகோவின் கேமிலேயே மாறாத கோணம் இருந்தது, ஸ்பிரிங்தான் கிடையாது. அமெரிக்கரான கிரெக் லோ ஸ்பிரிங் வைத்து 1973இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதுவோ ஒரு பக்கம் மட்டும் விரியும், கொஞ்சம் அசைந்தால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

விண்வெளித் துறையில் வேலை பார்த்த ரே ஜார்டின் செய்தது, கேம்களை எதிரெதிராக இரண்டு ஜோடி வைத்து, ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைய விட்டு, தண்டிலுள்ள ஒரே விசையால் எல்லாவற்றையும் சுருக்கியது. கேட்க அற்பமாக இருக்கும். என்னைக் கேட்டால் கண்டுபிடிப்பே அதுதான், ஏனென்றால் ஒரு கையால் பாறையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சில நொடியில் வைக்க முடிந்தது அதனால்தான். யோசெமிட்டியில் யாருக்கும் காட்டாமல் பைக்குள் வைத்துத் திரிந்தாராம். நாலு பேர் முன்னால் பேச ஒரு மறைபெயர் வேண்டியிருந்தது, அதுதான் ஃப்ரெண்ட் என்று நிலைத்தது என்பார்கள். 1977இல் அவற்றை வைத்துக்கொண்டு ஃபீனிக்ஸ் என்ற கடினமான விரிசலில் ஏறி முடித்தார். விற்பனைக்குச் செய்தது மார்க் வாலன்ஸ், இங்கிலாந்தின் டெர்பிஷயரில், வைல்ட் கன்ட்ரி நிறுவனம். இதெல்லாம் ஏமாற்று வேலை என்று முணுமுணுத்தவர்களும் இருந்தார்கள்.

பாறையில் தடம் விடாத கருவி செய்த இதே ஜார்டின், 1981இல் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டான் பாறையில் பிடிகளை உளியால் செதுக்கிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். மனிதர்கள் அப்படித்தான்.

அந்த ஃப்ரெண்டிலும் ஒரு குறை. தண்டு விறைப்பானது. கிடைமட்ட இடுக்கில் வைத்தால் தண்டு விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், விழுந்தால் வளையும், முறியவும் முறியும். அதனால் தலைக்குப் பக்கத்தில் ஒரு சிறு கயிற்றைக் கட்டி அதில் மாட்டிக்கொண்டார்கள். அப்புறம் வளையும் கம்பிவடத் தண்டுகள் வந்தன, விரல் மட்டும் நுழையும் இடுக்குக்கு மூன்று கேம் வைத்த சின்னக் கருவிகள் வந்தன.

பெரிய மாற்றம் டோனி கிறிஸ்டியன்சனின் யோசனை: ஓர் அச்சுக்குப் பதில் இரண்டு. அதே கோணத்தில் கூடுதல் அகலம். 1980களின் பின்பாதியில் ஷூய்னார்டின் நிறுவனம் அதைக் கேமலாட் என்று விற்றது. காப்புரிமை முடியும்வரை மற்ற நிறுவனங்கள் கிட்டத்தட்ட இருபது வருடம் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தன. இப்போது கடையில் ஃப்ரெண்ட் என்ற பெயரிலேயே ஒன்று வாங்கிப் பிரித்துப் பாருங்கள், உள்ளே இரண்டு அச்சு இருக்கும்.