சப்பாத்தி சாப்பிட்டு ஓடினால் மயக்கம்: இரத்தப் பரிசோதனையில் எதைத் தேட வேண்டும்?

(காட்சி: குழாயடியில் ஒரு கை, பிசைந்த மைதா உருண்டையைக் கசக்குகிறது.)

தண்ணீரில் பால்போல் ஓடுகிறதே, அது மாவுச்சத்து. கசக்கக் கசக்க, கடைசியில் ரப்பர்போல இழுபடும் ஒரு கட்டி கையில் மிஞ்சும். எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கரையாது. அதுதான் குளூட்டன். நாம் தேடும் புரதம் அதற்குள்தான் இருக்கிறது.

முதலில் நோய்: இது கோதுமை ஒவ்வாமையின் ஒரு வகை. சப்பாத்தி சாப்பிட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. வெறும் வயிற்றில் ஓடினாலும் ஆகாது. சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஓடினால் மட்டும் உடம்பெல்லாம் அரிப்பும் தடிப்பும் கிளம்பும். சிலருக்கு இரத்த அழுத்தம் சரிந்து மயக்கமே வந்துவிடும். அனாபிலாக்சிஸ் எனப்படும் இந்த நிலை உயிருக்கே ஆபத்தானது. உடலுழைப்பின்போது, சரியாகச் செரிக்காத புரதம் குடலிலிருந்து கூடுதலாக இரத்தத்துக்குள் நுழைகிறது என்பது முக்கியமான விளக்கம். ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் மதுவும் இதே வேலையைச் செய்யக்கூடும்.

ஒவ்வொரு முறையும் வராது என்பதால் கோதுமை மீது யாருக்கும் சந்தேகம் எழுவதில்லை. ரவை உப்புமாவும் சேமியாவும் கோதுமைதான் என்பதே பலருக்கு நினைவிருக்காது.

(காட்சி: பரிசோதனை அறிக்கை. "கோதுமை ஐஜிஇ: நெகட்டிவ்")

ஐஜிஇ என்பது ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருள். கோதுமைக்கு எதிரான ஐஜிஇ இரத்தத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வழக்கமான பரிசோதனை. அதற்கான கோதுமைச் சாற்றை உப்புக் கரைசலில் எடுப்பதுதான் வழக்கம். குழாயடியில் பார்த்த கட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: கரையாத புரதம் சாற்றில் எப்படிப் போதுமான அளவு வரும்? அதனால்தான் உண்மையான நோயாளிக்கும் சில நேரம் 'நெகட்டிவ்' என்று வந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். புல் மகரந்த ஒவ்வாமை உள்ளவருக்கு, தினமும் பரோட்டா சாப்பிட்டு நலமாக இருந்தாலும், கோதுமை 'பாசிட்டிவ்' என்று வரலாம்.

1999-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் முக்கியக் காரணியைப் பிடித்தார்கள்: குளூட்டனில் இருக்கும் ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம். ஜப்பானிய ஆய்வாளர்களும் அதை உறுதிசெய்தார்கள். இப்போது அந்தப் புரதத்தை ஆய்வகத்திலேயே உருவாக்கி, அதற்கு எதிரான ஐஜிஇயைத் தனியாக அளக்கிறார்கள். ஆகவே 'கோதுமை அலர்ஜி டெஸ்ட்' என்று பொதுவாகச் சொல்லாமல், 'ஒமேகா-5 கிளையடின் ஐஜிஇ' தேவையா என்று ஒவ்வாமை மருத்துவரிடம் பெயர் சொல்லியே கேளுங்கள். 0.35 யூனிட்டுக்கு மேல் இருந்தால் பாசிட்டிவ் என்பது நெடுநாள் வழக்கம். எண் பெரிதாக இருந்தால் நோயும் கடுமை என்று அர்த்தமில்லை.

மொத்த ஐஜிஇ அளவை மட்டும் பார்ப்பது, என் கருத்தில், இந்த நோய்க்கு வீண் செலவு. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய்க்கான பரிசோதனையும் வேறு, இதற்கு உதவாது. தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனைக்கு முன் அலர்ஜி மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள். இரத்தப் பரிசோதனைக்கு நிறுத்த வேண்டியதில்லை.

ஒமேகா-5 நெகட்டிவ் என்றால் நோய் இல்லையா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஜப்பானில் ஒரு முகச் சோப்பில் அமிலத்தால் சிதைத்த கோதுமைப் புரதத்தைச் சேர்த்திருந்தார்கள். தினமும் முகம் கழுவியவர்களில் 2,000-க்கும் மேற்பட்டோருக்குக் கோதுமை ஒவ்வாமை வந்தது. ரொட்டி சாப்பிட்டு வேலை செய்தபோது பலருக்கு முகம் வீங்கியது. 2011-இல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். இவர்களில் பலரின் இரத்தத்தில் ஒமேகா-5 ஐஜிஇ இல்லவே இல்லை. தோல் வழியே வேறு புரதத்துண்டுகளுக்கு எதிராக ஐஜிஇ உருவாகியிருந்தது.

(காட்சி: அவசர சிகிச்சைப் பிரிவு, கடிகாரம்.)

மயங்கி மருத்துவமனைக்குப் போனால் டிரிப்டேஸ் பரிசோதனையும் கேளுங்கள். ஒவ்வாமையின்போது இரத்தத்தில் கூடும் ஒரு நொதி அது. அறிகுறி தொடங்கிய ஓரிரு மணி நேரத்தில் ஒரு மாதிரி, முழுதாகக் குணமாகி ஒரு நாளாவது கழிந்தபின் இன்னொன்று. முதலாவது கணிசமாக உயர்ந்திருந்தால், நடந்தது அனாபிலாக்சிஸ்தான் என்பதற்கு வலுவான சான்று. அதற்குப் பின்னும் சந்தேகம் தீராவிட்டால், கோதுமை கொடுத்து ட்ரெட்மில்லில் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மருத்துவமனையில் மட்டுமே அது நடக்க வேண்டும். வீட்டில் யாரும் முயன்று பார்க்காதீர்கள்.