அடுத்த தேதியைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம். நான் ரத்த வங்கியில் வேலை பார்ப்பவள். ரத்த தானம் நல்லது என்று உங்களிடம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. "கொடுக்கணும்னு ஆசைதான், நேரம்தான் அமைய மாட்டேங்குது" என்பவர்களிடம்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

எங்கள் அறையில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெட்டி இருக்கிறது. அதற்குள் தட்டுகள் ராத்திரி பகலாக முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கும். தட்டில் இருப்பவை வெளிர்மஞ்சள் நிறப் பைகள். அதுதான் பிளேட்லெட், ரத்தம் உறைய உதவும் சின்னஞ்சிறு அணுக்கள். அசைக்காமல் விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். 20 முதல் 24 டிகிரி சூட்டில் இப்படி வைத்தாலும் பெரும்பாலும் 5 நாள்தான் தாங்கும். கீமோதெரபி எடுப்பவர்களுக்கு அடிக்கடி தேவைப்படுவது இதுதான். சிவப்பணுக்களைக் குளிரில் வைத்தாலும் 42 நாளுக்கு மேல் போகாது. ஆக, ஒரே மாதத்தில் வாங்கி வருஷம் முழுக்கச் சேர்த்து வைக்க வழியே இல்லை.

பெரிய விபத்து நடந்தால் ரத்தம் கொடுக்க வாசலில் கூட்டம் நிற்கும். அந்த மனசைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைகிறது. ஆனால் அன்று எடுத்த ரத்தத்தை அப்படியே ஏற்றிவிட முடியாது. எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமிகள், சிபிலிஸ் எல்லாம் இல்லை என்று சோதித்த பிறகுதான் வெளியே போகும். அன்று அடிபட்டவரைக் காப்பாற்றுவது, போன வாரமே யாரோ கொடுத்துவிட்டுப் போன பை. அப்புறம் இன்னொன்று: அன்று வந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில், மறுபடி கொடுக்க முடியாத இடைவெளிக் காலத்துக்குள் போய்விடுகிறார்கள். கொஞ்ச நாளில் அலமாரி காலி.

ரத்தம் சரியாக ஊறாத பரம்பரை நோயான தலசீமியா கடுமையாக உள்ள ஒரு குழந்தைக்கு 2 முதல் 5 வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அதற்கு விபத்தும் இல்லை, செய்தியும் இல்லை. தேதி மட்டும் தவறாமல் வரும்.

சரி, நேரம் எவ்வளவு ஆகும்? ஊசி கையில் இருப்பது 10 நிமிஷம் போல. பதிவு, ஹீமோகுளோபின் பார்ப்பது, ஜூஸ் குடித்து உட்கார்வது எல்லாம் சேர்த்தாலும் பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இழந்த நீர் ஓரிரு நாளில் ஊறிவிடும். சிவப்பணு திரும்பச் சில வாரம், இரும்புச்சத்துக்கு இன்னும் அதிகம். அதனால்தான் இடைவெளி விடச் சொல்கிறோம். பல நாடுகளில் ஆண்களுக்கு 3 மாதம், பெண்களுக்கு 4 மாதம். ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பினால் மனம் கோணாதீர்கள். டாக்டரைப் பார்த்துச் சரிசெய்துகொண்டு வாருங்கள்.

ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் ஹாரிசன் 1954 முதல் 2018 வரை 1,173 முறை தானம் செய்தார். பெரும்பாலும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி. அதை இன்னும் அடிக்கடி கொடுக்கலாம். ஊசி குத்துவதைப் பார்க்கவே அவருக்குப் பிடிக்காது. முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கை நீட்டுவாராம்!

ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் அது வரவே வராது. ஜூஸ் குடிக்கும்போதே எங்களிடம் அடுத்த தேதியைக் கேளுங்கள். அங்கேயே போனில் குறித்துக்கொள்ளுங்கள். பக்கத்து சீட்டில் வேலை செய்பவரையும் சேர்த்துக்கொண்டால், இருவரில் ஒருவர் மறந்தாலும் மற்றவர் ஞாபகப்படுத்துவார். அந்த நாளில் காய்ச்சல் வந்துவிட்டதா? எங்களுக்கு ஒரு போன் போடுங்கள், எப்போது வரலாம் என்று சொல்கிறோம். புதுத் தேதியை அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். வணக்கம்.