வயசுக் கோளாறா, மனச்சோர்வா?

எல்லோருக்கும் வணக்கம். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அறைக்குள்ளேயே கிடந்தால், "வயசுக் கோளாறு, தானா சரியாயிடும்" என்பது நம் வீடுகளின் பழைய பேச்சு. இப்போது அதையே "எல்லாம் ஹார்மோன்" என்கிறோம். சொல்தான் மாறியிருக்கிறது, அசட்டை அப்படியே இருக்கிறது.

ஹார்மோனுக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. பெண்பிள்ளைக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையனுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் பருவ மாற்றம் தொடங்குகிறது. ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன் என்ற பருவ ஹார்மோன்கள் உடம்பை வளர்ப்பதோடு உணர்ச்சியைக் கையாளும் மூளைப் பகுதிகளையும் தொடுகின்றன. நிதானித்து யோசிக்க வைக்கும் மூளையின் முன்பகுதி முதிர்வதற்கோ சுமார் 25 வயது ஆகிவிடுகிறது. பூப்புக்கு முன் மனச்சோர்வு (டிப்ரஷன்) இரு பாலருக்கும் ஏறக்குறைய சமம், பிறகு பெண்பிள்ளைகளிடம் சுமார் இரு மடங்கு. ஆனாலும் பருவமடையும் எல்லோருக்குமா அது வருகிறது? பரம்பரை, வீட்டுச் சண்டை, வகுப்பில் கேலி, தூக்கக் குறைவு என்று வேறு சிலவும் கூடும்போதுதான் பெரும்பாலும் வருகிறது.

இவற்றில் நம் கையில் இருப்பது தூக்கம். தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹார்மோன் இந்த வயதில் ஒன்றிரண்டு மணி நேரம் தாமதமாகச் சுரக்கிறது. பத்து மணிக்குத் தூக்கம் வராதது பிடிவாதம் அல்ல. தேவை 8 முதல் 10 மணி நேரம். பதினொன்றரைக்குப் படுத்து, நீட் வகுப்புக்கு ஐந்து மணிக்கு எழுந்தால் கிடைப்பது ஐந்தரை மணி நேரம்தான்! விடிகாலை டியூஷனை மாலைக்கு மாற்றுங்கள். படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே செல்போன் ஹாலுக்குப் போகட்டும். காலையில் அரை மணி நேரம் மொட்டைமாடி வெளிச்சம் பட்டால் உடம்பின் கடிகாரம் முன்னே நகரும்.

இரண்டு வாரம், அநேகமாக எல்லா நாளும், நாளின் பெரும்பகுதி சோர்வு நீடித்தால் அது வெறும் மனநிலை மாற்றம் அல்ல. பிள்ளைகளிடம் அழுகையைவிட எரிச்சலாகவே அது வெளிப்படலாம். கிரிக்கெட் மட்டையைத் தொடுவதில்லை, தோழி கூப்பிட்டால் போன் எடுப்பதில்லை, சாப்பாடு குறைகிறது அல்லது கூடுகிறது. அப்போது டாக்டரிடம் போங்கள். ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே சோர்வைத் தரும் என்பதால் ரத்தத்தில் ஹீமோகுளோபினும், தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனையும் பார்க்கச் சொல்வார். மாதவிலக்குக்கு முந்தைய வாரம் மட்டும் கடுமையாகி, வந்ததும் தணிகிறதா? இரண்டு மாதம் நாட்காட்டியில் குறித்துக் காட்டுங்கள். சிகிச்சையே மாறலாம்.

லேசான நிலையில் கவுன்சலிங்கே போதுமானதாக இருக்கும். ஃப்ளுவாக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மாத்திரை எழுதினால் பலன் தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். தொடக்க வாரங்களில் சிலருக்குத் தற்கொலை எண்ணம் கூடலாம், பக்கத்திலேயே இருங்கள். தேறியதும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவசரப்பட்டு நிறுத்தினால் நோய் திரும்பலாம்.

"செத்துப்போயிடலாம்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் திட்டாதீர்கள், தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைப் பூட்டி வைத்துவிட்டு, அன்றைக்கே சென்னை கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துக்கோ அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுங்கள். நள்ளிரவென்றாலும் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.