வயிறே இல்லாத மீன், நாள் முழுக்கத் தின்கிறது!

புல்கெண்டை என்ற இந்த மீனின் வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. வயிறும் கிடையாது. ஆனால் தண்ணீர் இதமான சூட்டில் இருந்தால், தன் எடை அளவுக்குப் புல்லை ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும். பல்லை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று காட்டுகிறேன், ஓட்டிவிடாமல் பாருங்கள்.

முதலில் கொஞ்சம் பாடம், வேகமாக. குளத்தில் வளர்க்கும் கெண்டை வகைகளில், கட்லாவுக்கு வாய் மேல்நோக்கி இருக்கும், நீரின் மேல்மட்டத்தில் மேயும். ரோகு நடுவில். மிர்காலுக்கு வாய் கீழே, அடியில் மட்கியதைத் தின்னும். சரி, பாடம் முடிந்தது.

(திரையில்: குளத்தில் மிதக்கும் புல்)

இப்போது நம் கதாநாயகன் புல்கெண்டை. அந்த ஒற்றைப் புல் தாளைக் கவனியுங்கள். நுனி லேசாக ஆடுகிறது. அப்புறம் ஒரு இழுப்பு. நூடுல்ஸ் உறிஞ்சுகிற மாதிரி தாள் முழுவதும் உள்ளே போய்விட்டது!

பல் இருப்பது தொண்டையில். செவுளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ரம்பம் போன்ற பற்கள். அவற்றுக்கு மேலே, மண்டை ஓட்டின் அடியில், கொம்புபோல இறுகிய ஒரு திண்டு. இரண்டுக்கும் நடுவே சிக்கிய புல் கிழிந்து நசுங்குகிறது. அம்மியைத் தலைகீழாகக் கவிழ்த்து அரைப்பது போல!

அரைத்தது நேராகக் குடலுக்குப் போகிறது. வயிறு இல்லாதது கெண்டைக் குடும்பத்துக்கே பொது. சேர்த்து வைக்க இடமில்லை, அமிலமும் இல்லை. அதனால்தான் ஓயாத மேய்ச்சல். ஒரு நாளைக்கு உரிய தீவனத்தை ஒரே வேளையில் கொட்டுபவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். பிரித்துப் போடுங்கள்.

தின்ற புல்லில் ஏறக்குறைய பாதி செரிக்காமலே வெளியே வந்துவிடுகிறது. முகம் சுளிக்காதீர்கள், எனக்குப் பிடித்த இடமே இதுதான். அந்தச் சாணம் குளத்துக்கு உரம். நுண்பாசி பெருகித் தண்ணீர் பச்சை பிடிக்கும். அந்தப் பச்சையை வெள்ளிக்கெண்டை வடிகட்டித் தின்னும்; அதன் செவுள் முட்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு மாதிரி இருக்கும். சாதாக்கெண்டை அதற்குக்கூடக் காத்திருக்காது, சாணத்தையே நேரடியாகத் தின்னும். புல்கெண்டையைத் தனியாக வளர்ப்பது, என்னைக் கேட்டால், பாதித் தீனியை வீணடிக்கும் வேலை.

நெல்வயலிலும் சாதாக்கெண்டை கெட்டிக்காரன். சேற்றை உறிஞ்சி, புழுவை விழுங்கி, மிச்சத்தைத் துப்பும். பயிருக்குள் நீந்தும்போது தூரில் இடிக்கும். தண்டில் உட்கார்ந்திருக்கும் புகையான் பூச்சி பொத்தென்று தண்ணீரில் விழும், அடுத்த நொடி மீன் வாயில். இதற்காகவே ஒரு லைக் போடலாம்!

அப்படியானால் புல்கெண்டையையும் வயலில் விடலாமே என்று கமெண்ட் எழுதப் போகிறவர்கள் ஒரு நிமிடம் பொறுங்கள். களையைத் தின்னும், உண்மைதான். இளம் நாற்றையும் சேர்த்துத் தின்றுவிடும். நெல்லும் புல் குடும்பம்தானே, அதற்கு எப்படித் தெரியும்?